கடலைப் பார்த்து வந்தவர்

வாசகரே, மனிதர்களில் 'போய்வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவரை இதில் சேர்க்காதீர்கள்; அவருக்குத் தம் தெருவையும் ஆபீசையும் தவிர வேறொன்றும் தெரியாது, கேட்டால் அதை ஒப்புக்கொண்டும் விடுவார். ஊரை விட்டே நகராதவரையும் சேர்க்க வேண்டாம். அவர் வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சமாவது யோசிப்பார். பட்டணத்தில் ஒரு மாதம் தங்கியவர் குழம்பிப்போய்த் திரும்புகிறார். ஒரு வருஷம் இருந்தவர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். இரண்டே நாள் போய்விட்டு வருகிறாரே, அவர்தான் நான் சொல்லும் ஆள். இரண்டு நாளில் தெரிந்துகொள்ளாமல் மிச்சம் வைக்க ஒரு நகரத்தில் என்னதான் இருக்கிறது?

அறிவதற்கு வழி மூன்று என்று நம் பெரியவர்கள் எழுதி வைத்தார்கள்: கண்டு அறிவது, கருதி அறிவது, அறிந்தவர் உரைக்கக் கேட்டு அறிவது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் சண்டையும் போட்டார்கள். போய்வந்தவர் சண்டையில்லாமல் நான்காவது வழியைக் கண்டுபிடித்துவிட்டார். ரயில் டிக்கெட்.

அவரை அடையாளம் காண்பது எளிது. ரயிலை விட்டு இறங்கியதும் அவர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. பிளாட்பாரத்தில் நின்று, இந்த ஊர் இன்னும் இருக்கிறதா என்பதுபோல் நாலு பக்கமும் பார்ப்பார். மறுநாள் ஊர்த் தண்ணீர் சப்பென்றிருக்கும், தெரு குறுகிப்போயிருக்கும், காற்றுகூடச் சற்று நாட்டுப்புறமாக வீசும். ஒரு வாரத்துக்கு அவருடைய எந்த வாக்கியமும் 'மெட்ராஸ்ல' என்று தொடங்காமல் இராது. இந்த வியாதி எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து ரயிலேறித் திருமலைக்குப் போய், மொட்டையடித்து, லட்டு வாங்கி, மறுநாள் காலை ரேணிகுண்டா ஸ்டேஷனில் நின்றுகொண்டு சித்தூர் ஜில்லாவைச் சித்தூர் ஜில்லாக்காரர்களுக்கே விளக்குகிற பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். "புத்தூரா? எலும்பு முறிஞ்சா கட்டுப் போடுவாங்களே, அந்த ஊர்தானே?" என்பார்கள். அதோடு புத்தூர் முடிந்தது. அங்கே எலும்பு முறியாதவர்களும் வசிக்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு எட்டியதில்லை.

அந்த முறியாதவர்களில் ஒருவர் நாகபூஷணம். புத்தூர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை பழைய சைக்கிள் சாமான் வாங்க மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போவார். இரண்டு நாள் தங்குவார். ஒரு சாக்கு மூட்டையோடும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும் ஞானத்தோடும் திரும்புவார். சாக்கு மூட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அவர் திரும்பிய மறுநாள் கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. முதலில் பக்கத்துக் கடையிலிருந்து ஆதிநாராயணன் காப்பி கொண்டுவருவார். அதை வாங்கி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நாகபூஷணம் ஒரு பெருமூச்சு விடுவார்.

"ஆதிநாராயணா, இத காப்பின்னு சொல்லிக்கினு குடுக்கிறியே, உனுக்கே நாயமா கீதா? மெட்ராஸ்ல இதுல டம்ளர் கூட கழுவ மாட்டான்."

"அப்போ வச்சிடு அண்ணா. நான் எடுத்துக்கினு போறேன்."

"கொண்டா, கொண்டா. ஊத்திட்டே. பாவம்."

அடுத்தபடியாக, மளிகைக் கடை திருவேங்கடம் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்து உட்காருவார். கள்ளுக்கடைகளை மூடிய நாளிலிருந்து துக்கம் காத்துவந்தவர் அவர்.

"அண்ணா, மதுவிலக்கு அங்கயும்தானே கீது. ஆனா அங்க மட்டும் கெடைக்குதாமே?"

"தெரிஞ்சவனுக்குக் கெடைக்கும். ஒரு பச்சைக் கதவு. ரெண்டு தட்டு தட்டணும். அப்பறம் ஒரு இருமல் இருமணும்."

"இருமல் எதுக்கு?"

"அதான்டா உள்ள போறதுக்கு அடையாளம்."

"உள்ள இன்னா கீது அண்ணா?"

முதல் வருஷம் உள்ளே ஒரு மரப்பெஞ்சும் வறுத்த வேர்க்கடலையும் இருந்தன. அடுத்த வருஷம் பெஞ்சு நாற்காலியாயிற்று. வேர்க்கடலை வறுத்த மீனாயிற்று. அதற்கடுத்த வருஷம் பாட்டுப்பெட்டி வந்தது, வெள்ளைக்காரன் விட்டுப்போன கண்ணாடி டம்ளர்கள் வந்தன, நாகபூஷணத்தைக் கண்டதும் எழுந்து நிற்கும் ஒரு முதலாளி வந்தார். மதுவிலக்கு கடுமையாக அமலில் இருந்த அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் தழைத்து வளர்ந்த சாராயக்கடை அது ஒன்றுதான். அதுவும் புத்தூர்ச் சைக்கிள் கடையில் வளர்ந்தது.

கடைசியில் கடல். அதைக் கடைசியாகத்தான் எடுப்பார். யாராவது கேட்க வேண்டும், அதுதான் மரியாதை. காலையில் நீலம், உச்சியில் பச்சை, பொழுது சாய்ந்தால் பொன். சென்ட்ரலில் இறங்கினால் வாசலிலேயே டிராம் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் நேரே கொண்டுபோய் அலையோரம் விட்டுவிடும். அலை புது ஆளைக் கண்டால் சீறும். பழகின காலைக் கண்டால் அடங்கும். "என் காலு அதுக்குத் தெரியும்" என்பார்.

இவ்வளவையும் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி தாட்சாயணி. குப்பம் பக்கத்தில் பாறைக்காட்டு ஊரில் பிறந்தவர். அங்கே கிணறு ஆழம், கயிறு நீளம், பெண்களின் உள்ளங்கை மரத்துப்போயிருக்கும். கல்யாணம் பேசவந்த நாகபூஷணம், மெட்ராசுக்கு அழைத்துப்போய்க் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை நம்பினார். கயிறு போடாமல், இறைக்காமல், தானே வருகிற தண்ணீரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அது அப்படியொன்றும் பெரிய ஆசையில்லை. ஆனால் வருஷாவருஷம் ஏதாவதொன்று குறுக்கே வந்தது. குழந்தைக்குச் சுரம், மெட்ராஸில் வெயில், மெட்ராஸில் மழை, மெட்ராஸில் கூட்டம். ஒன்றும் அகப்படாத வருஷத்தில் நாகபூஷணம் தத்துவம் பேசினார்: "கடலு எங்க ஓடிப் போவுது? அங்கயேதான் இருக்கும்."

கடல் ஓடவில்லை. எல்லைதான் ஓடியது.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எங்கே கோடு கிழிப்பது என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. திருத்தணி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, சத்தியவேடு யாருக்கு, நகரி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அமைச்சர்களுக்குத் தெரியவில்லை, கலெக்டருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் மெட்ராஸ் போய்வந்தவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"எல்லைக் கல்லு நட்டாச்சின்னா அரக்கோணத்துல கேட்டு போட்டு மூடிடுவான். ரயில நிறுத்தி, 'யாரு நீ, ஏமி பனி, இன்னா வேலை?'ன்னு கேப்பான். சர்க்கார் அனுமதி இல்லாம ஒருத்தன் மெட்ராஸ் பக்கம் தலை வச்சிப் படுக்க முடியாது" என்று ஒருநாள் பெஞ்சு நிறைந்திருந்தபோது அறிவித்தார். "அதான், மூடறதுக்குள்ள இந்த மாசமே ஒரு தபா போயிட்டு வந்துடலாம்னு கீறேன்."

எல்லாரும் கவலையோடு தலையாட்டினார்கள். கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அப்போ நானும் வரேன்."

"நீ எதுக்கு? நான்தான் பாத்துட்டு வந்து சொல்றனே."

"நீ சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும். கேட்டு போட்டுட்டா அப்பறம் இந்த ஜன்மத்துல நான் அந்தத் தண்ணிய பாப்பனா? மூடறதுக்குள்ள காட்டிடு."

அந்த அம்மாள் ஊர் முன்னால் கேட்டுவிட்டார். கேட்டு போடமாட்டார்கள் என்று சொன்னால் ஞானம் போகும். வரவேண்டாம் என்று சொன்னால் மானம் போகும். தன் வதந்தியிலேயே தான் மாட்டிக்கொண்ட மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், அன்று நீங்கள் புத்தூரில் இருந்திருக்க வேண்டும்.

துணைக்குப் பக்கத்து வீட்டு இந்திராணி கிளம்பினார். கேட்டு போடுவதற்குள் அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துவிட வேண்டும் என்று திருவேங்கடமும் கிளம்பினார். காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவது என்று ஏற்பாடு. வழியெல்லாம் நாகபூஷணம் பேசவே இல்லை. அரக்கோணத்தில் மட்டும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அதோ, அங்கதான் கேட்டு வரப்போவுது" என்று ஒரு வேப்பமரத்தைக் காட்டினார்.

சென்ட்ரலில் இறங்கியதும் அவருக்கு உயிர் வந்தது. எதிரே ஓர் ஓட்டலுக்குள் ராஜநடை போட்டு நுழைந்தார். பரிமாறுகிறவர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"வாங்க, புத்தூர்க்காரரே! இந்தத் தபா குடும்பத்தோடவா? மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. அதே ரூம்தான், கடிகாரம் தெரியற ரூம்."

"கடிகாரமா?" என்றார் தாட்சாயணி.

"ஆமாம்மா. வந்தா ரெண்டு நாளும் ஐயா அந்த ஜன்னலை விட்டு நகர மாட்டாரு. சென்ட்ரல் கடிகாரத்தைப் பாத்துக்கினே இருப்பாரு. வண்டி போயிடும்னு பயம். நாஸ்தா, சாப்பாடு எல்லாம் மேல போயிடும். மார்க்கெட் பக்கத்துலயே இருக்குது, ஒரு ஓட்டமா போயிட்டு ஓட்டமா வந்துடுவாரு."

நாகபூஷணம் சட்னியில் மிகுந்த கவனம் செலுத்தினார். இட்லி நன்றாகவே இருந்தது என்று பிறகு இந்திராணி சொன்னார். இந்தப் பயணத்தைப் பற்றி நான் கேட்ட தகவல்களில் சந்தேகமில்லாமல் நம்பத்தக்கது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் நாகபூஷணம் அவர்களை ரோட்டோரம் வரிசையாக நிற்க வைத்தார்.

"டிராமு வரும். கூட்டமா கீதுன்னு தள்ளக்கூடாது. மெட்ராஸ்ல ஒழுங்கு முக்கியம்."

நின்றார்கள். பஸ் வந்தது, ரிக்ஷா வந்தது, மாட்டுவண்டி வந்தது, ஒரு கல்யாண ஊர்வலமே வந்து போயிற்று. வெயில் ஏறியது. கையில் தோல்பையோடு அவசரமாகப் போன ஒருவர் இவர்களைப் பார்த்து நின்றார்.

"யாருக்காக நிக்கிறீங்க?"

"டிராமுக்கு" என்றார் நாகபூஷணம், உள்ளூர்க்காரரின் அலட்சியத்தோடு.

"நல்லா நில்லுங்க. டிராமை நிறுத்தி வருஷக்கணக்காச்சு." அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

திருவேங்கடம் நாகபூஷணத்தைப் பார்த்தார். "அண்ணா, போன வருசம் டிராமுல போனேன்னியே?"

"போன வருசம் போனது… அது வேற டிராமு."

ஒரு ஞானிக்கு இதற்குமேல் என்ன சோதனை வர வேண்டும்? இங்கேயே "எனக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதியிருப்பேன். அவர் சொல்லவில்லை. "இப்படி வாங்க, குறுக்கு வழி" என்று நடக்கத் தொடங்கினார். மெட்ராஸில் அவர் கால் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. பத்தடிக்கு ஒருதரம் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தென்பட்டது. கறுப்பாக, அசையாமல், இரு கரைக்கும் நடுவே படுத்திருந்தது. இந்திராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுவா?" என்றார் தாட்சாயணி. அந்தக் குரலில் கோபமில்லை. கல்யாணமான நாளிலிருந்து வைத்திருந்த ஒன்றைக் கைதவறிப் போட்டுவிட்டவரின் குரல் அது.

"இது… கடலோட பின்வாசல். இப்ப கடலு உள்வாங்கிக் கீது" என்றார் நாகபூஷணம். கூவம் தன்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக ஒருவர் பேசி அதுவரை கேட்டிராது.

இதற்கிடையில் திருவேங்கடத்தைக் காணவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு பச்சைக் கதவு அவர் கண்ணில் பட்டுவிட்டது. பொறுக்க முடியாமல் இரண்டு தட்டுத் தட்டி, ஓர் இருமல் இருமினார். கதவு திறந்தது. அது ஒரு நாட்டு வைத்தியர் வீடு. இருமலைக் கேட்ட வைத்தியர் அவரைக் கூட்டிப்போய் உட்கார வைத்து, நெஞ்சைத் தட்டிப் பார்த்து, ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்து அனுப்பினார். திருவேங்கடம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது முகத்தில் ஒரு குழப்பமான திருப்தி இருந்தது.

பொழுது சாயத் தொடங்கியது. "வண்டிக்கு நேரமாவுது, திரும்பிடலாம். கடலத்தான் ஒரு மாதிரி பாத்தாச்சே" என்றார் நாகபூஷணம்.

தாட்சாயணி அவரைப் பார்க்கவில்லை. தலையில் கூடை வைத்துக்கொண்டு போன ஒரு பெண்ணை நிறுத்தினார்.

"எங்கம்மா போற?"

"பீச்சுக்கு. சுண்டல் விக்க."

"நடம்மா. உன் பின்னாலயே வரோம்."

அவ்வளவுதான். வழி கேட்பது அவ்வளவு சுலபமான காரியம். ஆனால் போய்வந்தவரால் அது மட்டும் முடியாது; கேட்டால் போகாதவராகிவிடுவார். கூடை முன்னே, பெண்கள் பின்னே, அவர்களுக்குப் பின்னே வண்டி போய்விடும் என்று புலம்பிக்கொண்டு நாகபூஷணம், கடைசியில் லேசாகக் கஷாய ஏப்பம் விட்டபடி திருவேங்கடம். வெகுதூரம் நடந்தார்கள். முதலில் காற்று மாறியது. அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் ரோடு முடிந்து மணல் வந்தது, மணல் முடிந்த இடத்தில் உலகமும் முடிந்து, அது இருந்தது.

நாலு பேரும் நின்றுவிட்டார்கள். நாகபூஷணம் வாய் திறந்தபடி நின்றார். நான் யாரையும் எளிதில் மெச்சுகிறவனல்ல; ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் தம் வாழ்க்கையில் ஏதாவது ஒன்றை உண்மையாக அறிந்தாரென்றால் அந்தக் கணத்தில்தான் அறிந்தார். கணம் என்றால் கணம். உடனே சுதாரித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி மனைவிக்கு எதிரே வந்து நின்று, கையை வீசினார்.

"பாத்தியா? நான் சொல்லல? இதான் கடலு. அந்தாண்ட ஒரு புள்ளி தெரியுது பாரு, அதான் ரங்கூன் கப்பலு. இந்த அலை கீதே, இது…"

"தள்ளு" என்றார் தாட்சாயணி.

"இல்ல, மொதல்ல வெளக்கிடறேன்…"

"யோவ், நீ மறைக்கிற. தள்ளு."

அவரைத் தாண்டி நடந்தார் அந்த அம்மாள். ஈர மணலில் நின்றார். அலை வந்து கணுக்காலை மூடிவிட்டுப் போயிற்று. குனிந்து, கயிற்றுத் தழும்பேறிய இரண்டு கையையும் விரித்து நீட்டினார். மறுபடியும் வந்தது.

"தானா வருதுடி, இந்திராணி" என்றார். "யாரும் இழுக்கல. தானா வருது."

பின்னால் நாகபூஷணம் கெஞ்சினார்: "வண்டி போயிடும், தாட்சாயணி! அந்த வண்டிய வுட்டா…"

"போவட்டும். அடுத்த வண்டி இல்லியா இன்னா? இங்க வா."

"எனுக்கு எதுக்கு? நான்தான் எத்தினியோ தபா…"

அந்த அம்மாள் திரும்பி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கிணற்றில் இறைத்த கை. வாளி வருவதுபோல் நாகபூஷணம் வந்தார். பழகின காலைக் கண்டால் அடங்கும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அலை, அவரை முழங்காலில் அடித்து உட்கார வைத்து, ஒரு செருப்பையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

"நல்லா நனை" என்றார் தாட்சாயணி, சிரித்துக்கொண்டே. "இத்தினி வருசமா காஞ்சி கெடந்துச்சே உன் கடலு. அதுவும் நனையட்டும்."

சாயங்கால வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி இருந்தது. இத்தனை வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் காவல் காத்த பேரிடர் இவ்வளவுதான்.

இங்கே ஒரு பாடம் சொல்லி முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் மறுநாள் புத்தூரில் நடந்ததை நான் மறைக்க முடியாது. பெண்கள் தாட்சாயணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்பிடிக்கா கீது கடலு?"

அந்த அம்மாள் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். "போயி பாருங்கடி" என்றார்.

"பெருசா?"

"போயி பாருங்கடி."

இதற்காகவா ஒருத்தி மெட்ராஸ் போய்வந்தாள் என்று அவர்களுக்குச் சலித்துவிட்டது. ஒவ்வொருவராக நகர்ந்து சைக்கிள் கடைப் பக்கம் போனார்கள். அங்கே பெஞ்சு நிரம்பி வழிந்தது. ஆதிநாராயணன் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். நாகபூஷணம் முழங்காலில் பட்ட சிராய்ப்பைக் காட்டி, கடலோடு தாம் நடத்திய போரைப் பாதி முடித்திருந்தார். திருவேங்கடம் சத்தியமே செய்தார்: "தட்டினேன், இருமினேன், தொறந்தான், ஒரு டம்ளர் குடுத்தான். கசப்புன்னா கசப்பு, அப்பிடி ஒரு கசப்பு. ஒசந்த சரக்குப்பா!" ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு ஆந்திராப் பக்கம் வந்தது, புத்தூர் இருந்த இடத்திலேயே இருந்தது. அரக்கோணத்தில் கேட்டு போடவில்லை. வேப்பமரம் மட்டும் நிற்கிறது. "நான் அப்பவே சொல்லி வச்சதாலதான் போடல" என்றார் நாகபூஷணம். எல்லாரும் நன்றியோடு தலையாட்டினார்கள். தாட்சாயணி இப்போது வருஷத்துக்கு ஒருமுறை இந்திராணியோடு ரயிலேறிப் போகிறார், வருகிறார், கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் ஊரில் அந்த அம்மாளுக்குக் கடலைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்று பெயர்.

சரி, வாசகரே, நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். மகிழ்ச்சி. நாளைக்கு ஆபீசிலோ காப்பிக் கடையிலோ யாராவது அகப்பட்டால், "புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் எப்படி என்றால்…" என்று தொடங்கி, நாகபூஷணத்தின் நடையையும் தாட்சாயணியின் குரலையும் சேர்த்து அழகாகச் சொல்லவும் போகிறீர்கள். பச்சைக் கதவுக்குள் ஒரு பாட்டுப்பெட்டியும் வைப்பீர்கள். சொல்லுங்கள், தடுக்கவில்லை. ஆனால் கேட்கிறவர் நடுவில் நிறுத்தி, "நீங்கள் எப்போது புத்தூர் போனீர்கள்?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஏதாவது ஒரு டிராமில் போனதாகச் சொல்லிவிடுங்கள்.